மடாலயத்துக் கொத்தனார்

1

என் மகள் கல் கொத்தப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. இப்படி எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வாயால் சொல்லவே பல மாதம் பிடித்தது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். எனக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, மனைவி செல்வராணிக்கு அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம். ஊருக்கு நடுவே ஆற்றங்கரையில் பழைய மடாலயம் ஒன்று இருக்கிறது. அபே என்பார்கள். துறவிகள் அங்கே பல நூறு வருஷம் ஜெபம் பண்ணினார்கள், ஆடு வளர்த்தார்கள், கம்பளி விற்றார்கள், விற்ற காசில் கோயிலைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ராஜாவுக்கும் போப்பாண்டவருக்கும் ஆகாமல் போய் மடங்களையெல்லாம் கலைத்துவிட்டார்கள். கூரை மேலிருந்த ஈயத்தகட்டை உருக்கி எடுத்துப் போனார்கள். சுற்றுப்பட்டு விவசாயிகள் கல்லைப் பெயர்த்துத் தொழுவம் கட்டிக்கொண்டார்கள். பாதிக் கோயிலை மட்டும் ஊர் ஜனங்கள் தங்களுக்கு வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள். அதனால் இன்றைக்கு ஒரு பாதிக்குக் கூரை உண்டு, ஞாயிறு ஆராதனை உண்டு. மறுபாதியில் தூண்களும் வளைவுகளும் மட்டும் நிற்கின்றன, தரையெல்லாம் புல்.

இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் நானும் செல்வராணியும் அந்தக் கோயிலுக்குப் போனோம். வாசலில் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனோம். டிசம்பர் மாதம். கல் தரையின் குளிர் உள்ளங்காலில் ஏறி மண்டையில் நின்றது. செல்வராணி சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு நேரே இடது பக்கம், பெண்கள் பக்கம் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற பெரியவர் பதறிப் போய் எங்கள் இரண்டு பேருடைய ஷூவையும் கையில் தூக்கிக்கொண்டு வந்து, நனைந்துவிட்டதா, ஹீட்டர் பக்கம் வைக்கட்டுமா என்று கேட்டார். எங்களுக்குள் சண்டை என்றும் நினைத்திருப்பார் போல, ஆராதனை முடிந்து எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து டீ கொடுத்தார்.

அந்தக் கோயிலில்தான் மலருக்கு ஞானஸ்நானம் நடந்தது. முழுப்பெயர் ஜெபமலர். வளர வளர வீட்டில் நாங்கள் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இட்லியைச் சாப்பிடுவாள், ஆனால் டோஸ்டைத்தான் கேட்பாள். அதெல்லாம் இங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பள்ளி முடித்ததும் பார்மசி படிக்க இடம் கிடைத்தது. நானும் செல்வராணியும் கேக் வெட்டினோம். அடுத்த வாரம் அவள் சமையலறையில் வந்து நின்று, எங்களிடம் பெரிய விஷயம் பேசும்போது மட்டும் எடுக்கிற தமிழை எடுத்தாள்.

"அப்பா, எனக்கு அபேல வேலை கிடைச்சிருக்கு, ஜனவரில சேரணும். கல்லு வேலை. படிச்சுக்கிட்டே வேலை. நான் பார்மசி போகல்ல."

2

இதில் எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று சொல்லவேண்டும்.

எங்கள் அப்பா கொத்தனார். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவே, வாழைத் தோட்டங்களுக்குள் இருக்கிறது. ஊர் நடுவே மிஷனரி காலத்துக் கோயில். நாங்கள் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோயில்தான். எங்கள் பக்கத்தில் குருவானவரையும் ஐயர் என்றுதான் சொல்வார்கள். உயரமான கோபுரம், கனத்த கல் தூண்கள், தேக்கு உத்திரம், சுண்ணாம்புச் சுவர். ஒவ்வொரு வருஷமும், கோயில் கட்டி அர்ப்பணித்த நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன்னால் அந்தச் சுவர்களுக்குக் காரை பூசி வெள்ளை அடிப்பது அப்பாவின் வேலை. சுற்றுப்பட்டில் உள்ள கோயில்களுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் ஆராதனைக்கு அவர் உட்காருவது கடைசியில், வாசலை ஒட்டி. முன்னால் வாத்தியார்மார், கணக்கர்மார், நிலபுலன் உள்ளவர்கள். யாரும் அவரைப் பின்னால் போ என்று சொன்னதில்லை, முன்னால் வா என்றும் சொன்னதில்லை. அவர் கையில் சுண்ணாம்பு அரித்த புண் ஆறி ஆறி, விரல் நுனி தேங்காய் ஓடு மாதிரி இருக்கும்.

அக்கா எஸ்தரையும் என்னையும் அவர் படிக்க வைத்தது ஒரே ஒரு காரணத்துக்காக. நான் சின்ன வயதில் ஒரு நாள் கோயில் சுவரடியில் விளையாட்டாகச் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கினேன். சாரத்தின் மேலிருந்து சத்தம் போட்டார். "ஏலே, சட்டியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன். என்னோட போகட்டும் இந்த வேல." அப்புறம் ஏணிப் பக்கம்கூட என்னை விட்டதில்லை. அக்கா டீச்சராகி ஹெட்மிஸ்ட்ரஸாக ரிட்டயர் ஆனாள். நான் லேபில் வெள்ளைக் கோட்டுப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார்.

அவருடைய பேத்தி அதே சட்டியை எடுக்கப் போகிறேன் என்கிறாள், அதுவும் ஆசைப்பட்டு. நான் இரண்டு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. செல்வராணிதான் நடுவில் நின்று, "பிள்ள களவா எடுத்துட்டா, வேல செய்யப் போறேங்கா, அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கிட்டு இருக்கிய" என்று என்னைத் திட்டினாள்.

3

மடாலயத்தின் பின்னால் தகரக் கொட்டகை மாதிரி ஒரு பட்டறை. கிழக்கு ஜன்னல் ஒன்றின் கல் சட்டங்கள் கரிப்புகையும் மழையும் தின்று பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அதே அச்சில் புதுக்கல் கொத்தி வைப்பதுதான் வேலை. தகட்டில் வெட்டிய மாதிரி வடிவத்தைக் கல்லின் இரண்டு முனையிலும் வைத்துக் கோடு போட்டு, நடுவில் உள்ளதை உளியால் எடுத்துக்கொண்டே போகவேண்டும். ஒரு கல்லுக்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் மூன்று மாதம் மலர் ஒரு கல்லை வெறும் சமமாக்கப் பழகினாள். சமமாக்கிக் காட்டுவாள், மேஸ்திரி ரசமட்டப் பலகையை வைத்துப் பார்ப்பார், இன்னொரு தரம் என்பார்.

கல் கொத்துகிற ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் அடையாளக்குறி உண்டு. கல்லை அடுக்கியபின் வெளியே தெரியாத பக்கத்தில் அதைப் பொறிப்பார்கள். துறவிகள் காலத்துக் கொத்தனார்கள் பொறித்த அம்பும் சிலுவையும் நட்சத்திரமும் பழைய தூண்களில் இன்னும் இருக்கின்றன. மலர் தனக்கு 'ம' என்று வைத்துக்கொண்டாள். பெரும்பாலும் நேர்க்கோடுதான், உளிக்குச் சுலபம் என்று காரணம் சொன்னாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது தமிழிலேயே கேட்டாள். "அப்பா, தாத்தா சுண்ணாம்புல என்ன சேர்ப்பாங்க? இங்க எல்லாரும் கேக்காங்க. இந்தியாவுல வேற மாதிரின்னு சொல்றாங்க."

"கடுக்காய் ஊறவச்ச தண்ணி, கருப்பட்டி. முட்டையும் சேர்ப்பாவன்னு கேள்வி."

"எவ்வளவு?"

எனக்குத் தெரியாது. என்னைப் பக்கத்தில் விடவில்லையே என்று சொன்னேன். அவள் தன் நோட்டில் கடுக்காய், கருப்பட்டி என்று எழுதி, அளவுக்கு இடம் விட்டாள்.

இலையுதிர் காலத்தில் ஜன்னல் வேலை முடிந்து, நன்றி ஆராதனை வைத்தார்கள். நாங்களும் போனோம். மேயர் வந்திருந்தார், நன்கொடை கொடுத்தவர்கள் வந்திருந்தார்கள். ஆனால் முதல் வரிசையில் பட்டறை ஆட்களைத்தான் உட்கார வைத்தார்கள். அங்கே இது வழக்கமாம். வேலை உடையிலேயே, பூட்ஸில் கல்தூசியோடு உட்கார்ந்திருந்தார்கள். போதகர் ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். எங்கள் மகள் பெயரை அவர் வாய்க்கு வந்தபடி உருட்டினார், ஆனாலும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்ததா என்றால், அன்றைக்கு இல்லை. அப்பா வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வந்தது. மனதுக்குள் யாரிடமோ கோபமாக வந்தது, யாரிடம் என்று தெரியவில்லை.

4

ஊரில் இதை எப்படிச் சொல்வது என்பது தனிக் கதை.

எங்கள் சபைகளில் ஸ்தோத்திர காணிக்கை என்று ஒரு வழக்கம். நல்லது எது நடந்தாலும் கோயிலில் காணிக்கை வைப்பார்கள், அதன் காரணத்தை ஐயர் ஆராதனையில் மைக்கில் வாசிப்பார். மகன் பரீட்சையில் தேறியதற்காக, மகள் சுகப்பிரசவமானதற்காக, கிணற்றில் தண்ணீர் வந்ததற்காக. அந்த வாரம் ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேறு பத்திரிகை தேவையில்லை. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. மலர் பிறந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் சேர்ந்தது, அம்மை போட்டு இறங்கியது எல்லாவற்றுக்கும் அக்கா காணிக்கை வைத்திருக்கிறாள். மலரை நேரில் பார்க்காமலே ஊருக்கு அவள் வரலாறு அத்துப்படி.

மலர் வேலையில் சேர்ந்ததும் அக்கா போனில் கேட்டாள். நான் போனைச் செல்வராணியிடம் தள்ளிவிட்டேன். அவள், "மதினி, பெரிய கோயில் ஒண்ணப் புதுப்பிக்காவ. அதுல வேலை" என்றாள். ஒரு வார்த்தை பொய் இல்லை. அடுத்த ஞாயிறு ஐயர் வாசித்தது, "தமது தம்பி மகள் இங்கிலாந்து தேசத்தில் புராதன தேவாலயத்தின் கட்டடப் பொறியாளராக நியமிக்கப்பட்டதற்காக." அக்கா வீடியோ எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். உறவுக்காரர்கள் வரிசையாக வாழ்த்துச் சொன்னார்கள். நான் எல்லாருக்கும் கும்பிடு பொம்மை போட்டேன்.

"நாம ஒண்ணும் சொல்லலையே" என்றாள் செல்வராணி.

"அதுதான் பிரச்சனை" என்றேன்.

இந்த ஜனவரியில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வரச்சொல்லி அக்கா கூப்பிட்டாள். தாத்தா பூசிய சுவரைப் பார்க்கவேண்டும் என்று மலர் ஒற்றைக்காலில் நின்றாள். செல்வராணிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் கிளம்பினோம்.

5

மலருக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை எடுக்க நான் போட்ட விண்ணப்பம், போட்டோவில் காதோரம் நிழல் விழுந்திருக்கிறது என்று இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. ஆகவே விசாவில் வந்தாள். விசாவில் வருகிறவர்கள் சென்னையில் இறங்கியதும் கைரேகை பதியவேண்டும். மலர் விரல்களை வைத்தாள். மெஷின் சிவப்புக் காட்டியது. துடைத்து வைத்தாள், சிவப்பு. சாய்த்து வைத்தாள், சிவப்பு. எங்களுக்குப் பின்னால் வரிசை முனகியது.

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி மலரின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ரேகையே இல்லையேம்மா. என்ன வேலை பார்க்கறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் மலர், "கொத்தனார்" என்றாள். அவ்வளவு தெளிவாக ஒரு தமிழ்ச் சொல்லை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எங்கம்மாவுக்கும் ரேஷன் கடையில இதே கதைதான்" என்று சொல்லிவிட்டு, ஈரத் துணியை எடுத்துக் கொடுத்து, கட்டை விரலைத் தன் கையாலேயே அழுத்திப் பதிய வைத்தார். நாங்கள் வெளியே வந்தோம். டாக்ஸியில் ஏறினோம். மலர் ஆங்கிலத்தில் கேட்டாள், ஊரில் நான் என்ன வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறீர்கள் அப்பா என்று. அக்கா கோயிலில் வாசிக்கச் சொன்னதைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் இன்ஜினியரா வந்தாதான் அங்க வரலாம்னா, நான் வரல்ல. நீங்க போய்ட்டு வாங்க."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இனி ஒரு தடவை தவறவிட்டால் இந்தப் பிள்ளை நம் ஊர்ப் பக்கமே திரும்பிப் பார்க்காது என்று தோன்றியது. "வா. நான் சொல்லிருதேன்" என்றேன்.

6

சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்த சாயங்காலம் அக்கா மலருக்கு வளையல் போட்டுவிட உட்கார்ந்தாள். கையைப் பிடித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஏட்டி, என்ன இது? உள்ளங்கை முழுக்கக் காய்ச்சுக் கெடக்கு?"

"கல்லு கொத்துறேன் அத்தை. உளி, சுத்தியல்."

"ஆளு வச்சுத்தானே கொத்துவாவ?"

"நான்தான் அந்த ஆளு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஹெட்மிஸ்ட்ரஸ் இருந்தாள். "ஏலே, என்ன சொல்லுதா இவ?"

"கொத்தனார் வேலைதான்க்கா. நாங்க சொல்லாம விட்டுட்டோம்."

அக்கா வளையலைக் கீழே வைத்தாள். "அப்பா அந்த வேல நமக்கு வேண்டாம்னுதானடா ராத்திரி பகலா சாரத்துல நின்னாவ. சுண்ணாம்பு பட்டு ஒரு கண்ணே மங்கிப் போச்சு. நாளைக்குப் பண்டிகையில ஐயரு மைக்குல வாசிக்கப் போறாவ, தம்பி மக இன்ஜினியர் வந்திருக்கான்னு. எழுதிக் குடுத்தாச்சு. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்குப் போவேன்?" குரல் உடைந்துவிட்டது. அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

மலர் மெதுவாகக் கேட்டாள். "அத்தை, தாத்தா கோயில்ல எங்க உக்காருவாங்க?"

"கடைசில. வாசப்பக்கம்."

"ஏன்?"

"ஏன்னா... அப்படித்தான். சுண்ணாம்புக்காரன் முன்னால போய் உக்காரவா செய்வான்?"

"எங்க அபேல ஜன்னல் முடிச்ச அன்னைக்கு எங்களை முதல் வரிசைல உக்கார வச்சாங்க. பேரு சொன்னாங்க. மேயர் எங்க பின்னால உக்காந்தாரு. அப்பாகிட்ட கேளுங்க."

அக்கா என்னிடம் திரும்பினாள். "நெசமாலே?"

"நெசம்தான். இவ பேரையும் சொன்னாவ."

அக்கா எழுந்து அடுக்களைக்குப் போனாள். எங்களுக்குச் சோறு போட்டாள், மலருக்கு மட்டும் மீன் முள்ளை எடுத்துக் கொடுத்தாள். காலையில் நான் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. ஐயர் வீட்டுப் பக்கமிருந்து ஈரத் தலையோடு வேகமாக நடந்து வந்தாள். கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள்.

7

பண்டிகை அன்று கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில். வெளியே ஊருக்கே போடுகிற அசன விருந்துக்குச் சோறு வேகிற வாசனை உள்ளே வரை வந்தது. அக்கா மலரின் கையைப் பிடித்து நேரே முன்வரிசைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். நான் வாசலை ஒட்டி, கடைசியில் உட்கார்ந்தேன்.

ஸ்தோத்திர காணிக்கைகளை ஐயர் வாசிக்கத் தொடங்கினார். பசு கன்று ஈன்றதற்காக. கால் எலும்பு கூடியதற்காக. வாழை காற்றுக்குத் தப்பியதற்காக. அடுத்த சீட்டை எடுத்தவர் நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அக்கா இருந்த பக்கம் பார்த்தார்.

அக்கா எழுந்து நின்றாள். "சரியாத்தான் எழுதியிருக்கேன். வாசிங்க ஐயரே."

அவர் வாசித்தார். "காலஞ்சென்ற கொத்தனார் ஞானமுத்து அவர்களின் பேத்தி ஜெபமலர், கொத்தனார் வேலையில் ஓராண்டு நிறைவு செய்ததற்காக, எஸ்தர் டீச்சர் ஸ்தோத்திர காணிக்கை."

அப்பாவின் பெயரை அந்தக் கோயில் மைக்கில் நான் கேட்டது இரண்டாவது தடவை. முதல் தடவை அவருடைய அடக்க ஆராதனை. முன்வரிசையில் மலரின் முதுகு மட்டும் தெரிந்தது. அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான் அழுதேன், மறைக்கவும் இல்லை.

அசனம் முடிந்து கூட்டம் கலைந்தபின், அக்கா மலரை இழுத்துக்கொண்டு கோயிலின் பின்பக்கம் போனாள். மழையில் ஊறி ஓர் ஆள் உயரத்துக்கு மேலே காரை பெயர்ந்திருந்தது.

"வந்ததுதான் வந்த, இதப் பாரு. ஒங்க தாத்தா பூசுனது. இப்ப உள்ளவனுவ சிமிண்டப் பூசி வைக்கானுவ, நிக்க மாட்டேங்கு."

மலர் உடைந்த விளிம்பைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தாள். சிமெண்ட் சுண்ணாம்புச் சுவரை மூச்சு விடாமல் பண்ணிவிடும், பழைய மாதிரியே பூசவேண்டும் என்றாள். கோயிலுக்கு வெள்ளையடிக்க வாங்கியது போக மிச்சச் சுண்ணாம்பு தொட்டியில் நீர்த்துக் கிடந்தது. மறுநாளே சலித்த மணலும் ஏணியும் வந்தன. கடுக்காய் ஊறவைத்தது அக்கா. எவ்வளவு என்று அவளுக்கும் தெரியவில்லை, அப்பா கலக்கும்போது கெட்டியாக இருக்கும் என்று மட்டும் சொன்னாள். மலர் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சுவரில் தடவி, பார்த்து, மறுபடி கலந்தாள். பிறகு ஏணியில் ஏறினாள். நான் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, ஏணி நிக்கும். சும்மா நிக்காதீங்க. அந்தச் சட்டிய எடுங்க."

இந்த வயதில், அந்தச் சுவரின் கீழே, சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கி என் மகள் கையில் கொடுத்தேன்.